செட்டியார் கால் நீட்டிய திசைகள்

வில்லியனூர் கடைத்தெருவில் எண்ணெய்க்கடை வைத்திருந்த தெய்வசிகாமணிச் செட்டியாரின் முழங்கால்கள் சத்தம் போட ஆரம்பித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். முதலில் இடது கால். நாற்காலியை விட்டு எழுந்தால் கிறீச்சென்று நீளமாக ஒரு சத்தம். கடையை ஒட்டின கொட்டகையில் மாடு பூட்டி எள் ஆட்டுகிற மரச்செக்கு இருந்தது. அதன் சத்தமும் அச்சு அசல் இதுவேதான். செட்டியார் தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், செக்கில் புது எண்ணெய் இறங்குகிறது என்று நினைத்துத் தெருக்கோடிப் பெண்கள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மார்கழியில் வலது காலும் சேர்ந்துகொண்டது. கூட்டம் இரண்டு மடங்கானது.

வியாபாரத்துக்கு இதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வைகாசி மாதத்தில் இருந்தது.

வைகாசித் திருவிழாவின் எட்டாம் நாள் பெரிய கோயில் சுவாமி நான்கு வீதியும் வருவார். சுவாமிக்கு முன்னால் எண்ணெய்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிற பாத்தியதை செட்டியார் குடும்பத்துக்கு. குடத்துக்கு முன்னால் அந்த எண்ணெயை ஆட்டிய மாடு போகும். நடக்கிறவர் கோல் ஊன்றக் கூடாது, ஆளைப் பிடிக்கக் கூடாது, உட்காரக் கூடாது, குடத்தை இறக்கக் கூடாது. இதில் எது தவறினாலும் பாத்தியதை அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அடுத்த குடும்பம் எதிர்ச்சாரியில் இருந்தது. பாத்திரக்கடை ஏகநாதன்.

ஆறு தலைமுறையாகச் செட்டியார் வீட்டில் யாரும் தவறியதில்லை. முட்டி சத்தம் போட ஆரம்பித்த பிறகு வந்த முதல் வைகாசியில்தான் மூன்றாம் வீதி முக்கில் செட்டியார் நின்றுவிட்டார். பின்னால் சுவாமியும் நின்றார். ஏகநாதன் தன் கடை முக்காலியைக் கொண்டுவந்து, தோளிலிருந்த துண்டாலேயே துடைத்துப் போட்டான்.

"உக்காருங்க செட்டியாரே. சாமி இன்னா, ஓடியா போவுது?"

செட்டியார் உட்காரவில்லை. கடைசி ஒரு வீதியை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நடந்து முடித்தார். ஆனால் அந்த முக்காலியை அவரால் மறக்க முடியவில்லை. ஏகநாதனும் மறக்கவில்லை. மறுநாளிலிருந்து கடை திறந்ததும் எதிர்ச்சாரியிலிருந்து குரல் வரும்.

"முட்டி எப்பிடி இருக்குது செட்டியாரே?"

"உன்னை விசாரிச்சுது ஏகநாதா."

எண்ணெய்க்காரருக்கு முட்டி வலி வந்தால் வைத்தியத்துக்குப் பஞ்சமா? நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், இலுப்பெண்ணெய் என்று கடையில் இருந்த அத்தனை டின்னும் காலில் ஏறிப் பார்த்தது. கால் வழுக்கியதே தவிர வலி வழுக்கவில்லை. கடைசியில் அடுத்த பங்குனி பிறந்ததும் அவர் மனைவி வள்ளியம்மை, "இன்னும் ஒரு டின்னு ஊத்துனா உங்களைப் புடிச்சு நிறுத்த முடியாது, பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தேய்மானம்" என்றார். ஊசி உண்டா என்று கேட்டதற்கு, எதிர் அறையைக் கை காட்டினார். அங்கே பெர்னாதேத்து என்று ஒரு அம்மாள், வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"நாற்காலியில உக்காருங்க ஐயா. ஒரு காலை நேரா நீட்டுங்க. தொடையை இறுக்குங்க. பத்து எண்ற வரைக்கும் அப்பிடியே புடிங்க. எறக்குங்க. அடுத்த கால்."

செட்டியார் செய்தார். பிறகு காத்திருந்தார்.

"அப்புறம்?"

"அவ்ளோதான். ஒரு காலுக்குப் பத்து தரம். ஒரு நாளைக்கு மூணு வேளை. ஒரு நாளும் விடக் கூடாது. தினம் கொஞ்ச தூரம் நடக்கணும்."

"மருந்து?"

"இதான் மருந்து. எலும்பு தேஞ்சது தேஞ்சதுதான். அதைச் சுத்தி இருக்கிற சதைக்குப் பலம் வந்தா முட்டி மேல ஏறுற பாரம் கொறையும்."

"நீட்டுனா வலிக்குதே டீச்சரம்மா."

"கொஞ்சம் வலிக்கும். வலிக்குதேன்னு அசையாம உக்காந்தீங்கன்னா இன்னும் வலிக்கும். மறுநாள் காலையில வலி கூடியிருந்தா மட்டும் எண்ணிக்கையைக் கொறைங்க. நீங்க சொன்ன வைகாசி எட்டாம் நாளுக்கு இன்னும் ஒம்போது வாரம் இருக்குதுல்ல? அது போதும்."

செட்டியார் ஊருக்கு வந்தார். மறுநாள் காலை கடையைத் திறந்து, சாமி கும்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை நேராக நீட்டித் தொடையை இறுக்கினார். பத்து எண்ணி இறக்கி இடது காலை நீட்டினார்.

எதிர்ச்சாரியில் ஏகநாதன் அடுக்கிக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்தான்.

"செட்டியாரே, இன்னா அது?"

"எக்சர்சைஸ்."

"எக்சர்சைஸ் உங்க முட்டிக்குத்தானே? அதை ஏன் என் மூஞ்சிக்குப் பண்றீங்க?"

அப்போதுதான் செட்டியார் தன் பாதத்துக்கு நேர் எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்தார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் சரியாக ஏகநாதன் முகம் இருந்தது.

அன்று மத்தியானமே ஏகநாதன் ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேரிடமும் போய்ச் சொல்லிவிட்டான். "ஒரு நாளைக்கு அறுபது தரம் என் மூஞ்சிக்கு நேரா காலை நீட்டுவாராம். எங்கப்பாருகூட என்னை அத்தினி தரம் ஒதைச்சதில்ல. என்னை வுடுங்க, எனக்குப் பின்னாடி யாரு இருக்கா? கோபுரம்! அந்தக் கால் எங்க போய் முடியுதுன்னு ஒரு கயிறு கட்டிப் பாருங்க."

கயிறு கட்டிப் பார்த்தார்கள். ராஜகோபுரத்தில் போய் முடிந்தது.

கிழக்கு கூடாது என்று ஆயிற்று. செட்டியார் நாற்காலியை மேற்கே திருப்பினார். மேற்கே மாதா கோயில். சாயங்காலம் கோயில்காரர்கள் இரண்டு பேர் மரியாதையாக வந்து நின்றார்கள். "மாதா ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாங்க செட்டியாரே. நாங்கதான் இனிமே எண்ணெயை வேற கடையில வாங்கிக்கலாம்னு நெனைச்சுக்கினோம்" என்றார்கள்.

வடக்கே திருப்பினார். வள்ளியம்மை காபியோடு வந்தவள் அலறிவிட்டாள். "பொணத்தைத்தான் தெக்க தலை வச்சு வடக்க காலை நீட்டுவாங்க! உங்களுக்கு இன்னா அவசரம்?" தெற்கே திருப்பினார். அது எமன் திசை. "அவன் கணக்கு எழுதிக்கினு சும்மா உக்காந்திருக்கான். நீங்களா காலை ஆட்டிக் கூப்புடுறீங்களா?" என்றாள். அதோடு தெற்கே இரண்டாவது வீடு அவளுடைய அண்ணன் வீடு. எமனைவிட அதுதான் அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

மிச்சம் இருந்தது மேல். செட்டியார் கட்டிலில் மல்லாந்து படுத்துக் காலை ஆகாயத்தைப் பார்க்கத் தூக்கினார். மூன்று நாள் நிம்மதியாக நடந்தது. நான்காம் நாள் பாகூரிலிருந்து பலராமன் என்கிற விவசாயி தலைமையில் ஏழு பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

"செட்டியாரே, நீங்க காலை மேல தூக்க ஆரம்பிச்சதுல இருந்து எங்க ஏரியில ஒரு சாண் தண்ணி எறங்கிடுச்சு."

"அது பங்குனி வெயில்பா."

"வெயிலு எங்கேருந்து வருது? மேலேருந்துதானே? மேகமும் அங்கதானே இருக்குது? அது கண்ணுல உள்ளங்காலைக் காட்டுனா எப்பிடி எறங்கும், சொல்லுங்க."

செட்டியார் மோர் கொண்டுவரச் சொன்னார். ஏழு பேரும் ஆளுக்கு ஒரு கிளாஸ் மோர் குடித்துவிட்டு, கால் கீழே இறங்குகிற வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பஞ்சாயத்து கூடியது. ஐந்து பெரியவர்களும் நியாயஸ்தர்கள். வைத்தியத்துக்கு யாரும் விரோதி இல்லை. வெகு நேரம் பேசி, பத்திரம் பதிகிற நொத்தேர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பச்சையப்பனைக் கொண்டு தீர்ப்பை எழுதினார்கள். வைத்தியத்தை முன்னிட்டுத் தெய்வசிகாமணிச் செட்டியார் காலை நீட்டிக்கொள்ளலாம், ஆனால் எந்தப் பக்கமும் நீட்டக் கூடாது என்று அதில் இருந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். செட்டியாரும் போட்டார்.

இரண்டு நாள் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது வாரத்தில் இரண்டு வாரம் போய்விட்டது. எழுந்தால் கிறீச்சென்றது. பெண்கள் பாட்டிலோடு வந்தார்கள். எதிரே ஏகநாதன் ஒரு புதுத் தவலையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய்க் குடம் எடுக்க அந்த அளவுத் தவலைதான் தோது என்பது செட்டியாருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

செக்கு ஓட்டுகிற செல்லப்பன் பிண்ணாக்கு அள்ளிக்கொண்டே பேச்சுக் கொடுத்தான்.

"மொதலாளி, ஒரு பக்கம் நீட்டுனா ஒருத்தனுக்குக் கோவம் வருது. சரியா?"

"சரி."

"எல்லாப் பக்கமும் ஒண்ணா நீட்டிட்டா?"

"எனக்கு ரெண்டு காலுதான்டா."

"மாட்டுக்கு நாலு இருக்குதே. அது சுத்துது. நீங்க அது கூடவே சுத்துங்க."

செக்கில் பாரத்துக்காகக் கல் ஏற்றி வைக்கிற பலகை ஒன்று உண்டு. மாடு சுற்றும்போது அந்தப் பலகையும் செக்கைச் சுற்றி வரும். செல்லப்பன் கல்லையெல்லாம் இறக்கினான். செட்டியாரின் எடை கல்லின் எடைக்குச் சற்று மேலேயே இருந்தது. நாற்காலியை வெளிப்பக்கம் பார்த்துப் பலகையில் வைத்துத் தாம்புக் கயிற்றால் கட்டினான். செட்டியார் ஏறி உட்கார்ந்தார். கண்ணைக் கட்டின மாடு நடந்தது. வலது கால் நீண்டது. கோபுரம், மச்சினன் வீடு, மாதா கோயில், வடக்கு, மறுபடி கோபுரம். எந்தப் பக்கமும் கால் நிற்கவில்லை.

பெரியவர்கள் வந்து சோதித்தார்கள். அவர்களில் மூத்தவர் கொட்டகை ஓரமாக நின்று மூன்று சுற்று பார்த்தார். கால் அவர் முகத்தை மூன்று தரம் தாண்டிப் போனது. "கோவப்படலாம்னு நெனைக்கிறதுக்குள்ள போயிடுதுப்பா" என்று சாட்சி சொன்னார். அனுமதி கிடைத்தது.

மாடு நிதானமாக ஒரு சுற்று வந்தால் பத்து எண்ணலாம். ஆகவே ஒரு சுற்றுக்கு ஒரு கால். நாலைந்து நாளில் செட்டியார் எண்ணுவதையே விட்டுவிட்டார். ஒரு சுற்றுதான் மருந்து, சுற்று முடியாமல் காலை இறக்கினால் அது சேராது என்று அவர் மனசில் ஊன்றிப்போய்விட்டது. பாதி ஆட்டின எள்ளைச் செக்கிலிருந்து எடுத்துப் பழக்கமில்லாத மனிதர். பாதிச் சுற்றில் காலை மட்டும் எடுப்பாரா?

இங்கேதான் ஏகநாதன் கெட்டிக்காரத்தனம் பண்ணினான். கொட்டகையின் தெருப்பக்கத் தூண் அவன் கடைக்கு நேர் எதிரே. அந்தத் தூணடியில் தினமும் காலையில் ஒரு படி பருத்திக்கொட்டை எப்படி வந்து கிடந்தது என்பது ஏகநாதனுக்கும் மாட்டுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. கண்ணைக் கட்டினால் என்ன, மூக்கைக் கட்டவில்லையே. மாடு சுற்றுக்கு ஒரு தரம் அந்தத் தூணிடம் வந்ததும் நின்று ஒரு வாய் மென்றது. அசை போடுகிறது என்று செட்டியார் நினைத்துக்கொண்டார். கால் சரியாக ஏகநாதன் முகத்துக்கு நேரே நின்றது. ஏகநாதன் உடனே பெரியவர்களைக் கூப்பிட ஆள் அனுப்புவான். பெரியவர்கள் வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு வந்து சேர்வதற்குள் மாடு நகர்ந்துவிடும். மறுநாள் ஏகநாதன் இரண்டு படி வைத்தான். அடுத்த வாரம் மூன்று.

சுற்று முடியாமல் செட்டியார் காலை இறக்குவதில்லை. பத்து எண்ணுகிற நேரம் இருபதாகி, நாற்பதாகி, எண்பதாயிற்று. தொடை நடுங்கியது. முதலில் மாட்டைத் திட்டினார், அப்புறம் செல்லப்பனைத் திட்டினார். மூன்றாம் வாரம் நடுக்கம் நின்றது. நான்காம் வாரம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். சத்தம் என்னவோ இருந்தது, வலியைக் காணோம். திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்து பார்த்தார். வள்ளியம்மை, "தண்ணி வேணும்னா ஒரே தடவையா குடிங்களேன்" என்றாள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெர்னாதேத்து அம்மாள் அவர் தொடையை நாடாவால் அளந்து பார்த்துவிட்டு, மறுபடியும் அளந்தாள்.

"எவ்ளோ நேரம் காலைப் புடிக்கிறீங்க ஐயா?"

"ஒரு சுத்து."

"சுத்துன்னா?"

"மாடு நிக்காம போனா பத்து. நின்னுதுன்னா… அது மாட்டோட இஷ்டம்."

அம்மாள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வைகாசி எட்டாம் நாள் வந்தது. மாட்டுக்கு மஞ்சள் பூசிக் கொம்பில் சலங்கை கட்டினார்கள். கண்கட்டு இல்லை. செட்டியார் தலையில் குடம் ஏறியது. மேளம் கிளம்பியது. முதல் வீதி எப்படிப் போனது என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டாம் வீதியில் மேளக்காரர்கள் அவரைக் கொஞ்சம் மெதுவாக நடக்கச் சொன்னார்கள். மூன்றாம் வீதி முக்கில் முக்காலியோடு நின்ற ஏகநாதன், அவர் தாண்டிப் போனதும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு குறுக்குச் சந்து வழியாகத் தன் கடைக்கு ஓடினான். மிச்சம் ஒரு வீதி. அது கடைத்தெரு.

மாடு நேரே தன் கொட்டகைத் தூணடிக்குப் போய் நின்றது. அன்றைக்கு அங்கே ஒன்றும் இல்லை. சுற்றாத நாளில் எதற்கு வைக்கவேண்டும் என்று ஏகநாதன் மிச்சம் பிடித்துவிட்டான். மாடு தரையை முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. மாடு நகராமல் குடம் நகரக் கூடாது, குடம் நகராமல் சுவாமி நகரக் கூடாது.

செட்டியாரும் நின்றார். ஏழு வாரப் பழக்கம் உடம்புக்குள் இருந்தது. மாடு அந்தத் தூணில் நின்றதும் அவர் உடம்பு தானாக எதிர்ச்சாரியைப் பார்த்துத் திரும்பியது. அவர் ஒன்றும் செய்யவில்லை, வலது கால் தானே எழுந்தது. மேளம், நாயனம், சுவாமி, ஐந்து பெரியவர்கள், மூவாயிரம் ஜனம் எல்லாரும் பார்க்க, தலையில் குடத்தோடு, தேய்ந்த இடது காலில் ஒற்றையாக நின்றுகொண்டு, வலது காலை ஏகநாதன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாள், "வேண்டுதலை" என்றாள். உடனே எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்கள். பத்து. இருபது. முப்பது.

ஏகநாதன் முகத்தைச் செட்டியார் தன் கால் விரல்களுக்கு நடுவில் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு ஏகநாதன் தெரிந்தார்கள். ஒருவன், இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் ஆள் சாய்ந்துவிடுவான், பாத்தியதை நமக்கு என்றான். இன்னொருவன், சுவாமி எதிரில் மூவாயிரம் பேர் எண்ண எண்ண இந்தப் பாதத்தை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்றான். முதல் ஏகநாதன் முக்காலியை முன்னால் நகர்த்தினான்.

"உக்காருங்க செட்டியாரே."

"சுத்து முடியலப்பா ஏகநாதா."

எழுபது. தொண்ணூறு. நூறுக்கு மேல் எண்ணத் தெரியாதவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். செட்டியாரின் முழங்கால் கிறீச்சென்று ஒரு தரம் குரல் கொடுத்தது. குடம் அசையவில்லை. நூற்று நாற்பத்து மூன்றில் இரண்டாவது ஏகநாதன் ஜெயித்தான். கடைக்குள் ஓடி, பெரிய அண்டாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மரக்கால் பருத்திக்கொட்டையை அள்ளிக்கொண்டு வந்து, தூணடியில், எந்த இடம் என்று தேடாமல், சரியான இடத்தில் கொட்டினான்.

"அட!" என்றான் செல்லப்பன், தலைக்கயிற்றைப் பிடித்தபடியே. "பாத்திரக்கடையில பருத்திக்கொட்டை எப்பலேருந்து விக்கிறீங்க?"

மாடு ஏகநாதன் கையை நக்கியது. ரொம்ப நாள் பழகின மாதிரி நக்கியது. மூவாயிரம் பேரும் அதைப் பார்த்தார்கள்.

மரக்கால் முழுவதையும் மாடு தின்று முடிக்கிற வரைக்கும் செட்டியார் காலை இறக்கவில்லை. அதற்குப் பிறகு எண்ணினவர்கள் கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. குறைந்தபட்சம் இருநூற்றுப் பத்து என்று பச்சையப்பன் எழுதி வைத்தார். மாடு நகர்ந்தது. செட்டியார் காலை இறக்கி, வேட்டியைக்கூடச் சரி பண்ணாமல், கோயில் வாசல் வரைக்கும் நடந்து போய்க் குடத்தை இறக்கினார். பாத்தியதை இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வாரமே ஏகநாதன் பஞ்சாயத்தில் ஒரு மனு கொடுத்தான். தீர்ப்பை மீறி ஒரே பக்கம் நீட்டினார் என்பது பிராது. பெரியவர்கள் விசாரித்து, நீட்டியது செட்டியார் என்றாலும் நிறுத்தியது பருத்திக்கொட்டை என்று மனுவைத் தள்ளினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை செட்டியார் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். பெர்னாதேத்து அம்மாள் பேனாவை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். சிரிக்கவில்லை. முகம் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

"ஏன் ஐயா இப்பிடி அவசரப்படுறீங்க?" என்றாள். "ஒத்தக் கால்ல நிக்கிறதை அடுத்த மாசம்தான் சொல்லிக் குடுக்கலாம்னு இருந்தேன்."